நாகப்பட்டினக் கோட்டை வாசலைத் தலையில் சுமக்கும் ஸ்காட்லாந்து மலை: அடிவார ஊரின் வரலாற்றை எப்படித் தேடுவது?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பரங்கிப்பேட்டைப் போர் (1781 ஜூலை 1) பற்றி உள்ளூர் வரலாற்று மலர் ஒன்றுக்குக் கட்டுரை தயாராகிக்கொண்டிருக்கிறது. அயர் கூட்டின் தலைமையில் ஐதர் அலியை எதிர்த்த ஆங்கிலப் படையில் முதல் வரிசையை நடத்தியவர் சர் ஹெக்டர் மன்றோ. 1778-இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தவரும் அவரே. 1781 நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தவரும் அவரே. ஊர் திரும்பிய பிறகு, வட ஸ்காட்லாந்தில் தன் நிலத்தில் ஃபைரிஷ் என்ற 453 மீட்டர் மலையின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாசலைப் போல ஒரு கல் வளைவு கட்டினார். இன்றைக்கும் நிற்கிறது. படங்கள் இணையத்தில் நிறைய உண்டு.

மன்றோவைப் பற்றி எழுதப் பொருள் போதுமான அளவு இருக்கிறது. குறைவது அந்த மலையடிவாரத்து மக்கள். எவன்டன் என்று ஒரு சின்ன ஊர் அங்கே இருக்கிறது. மன்றோ கடலூர்ப் பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அங்கே யார் குடியிருந்தார்கள், என்ன பயிர் வைத்தார்கள், யாருக்குக் குத்தகை கொடுத்தார்கள், 1783-இல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது அந்த ஊர்ப் பையன்கள் யாராவது வந்தார்களா? இதையெல்லாம் கடலூரில் உட்கார்ந்தபடி ஆதாரத்தோடு எடுக்க வழி உண்டா? "எவன்டன் வரலாறு" என்று தேடினால் வருவதெல்லாம் சுற்றுலாப் பக்கங்கள்தான்.

பாகூர் ஏரிக்கரை:

வணக்கம் நண்பரே. எவன்டன் என்ற பெயரில் 1800-க்கு முன்னால் தேடினால் எதுவும் வராது. அப்போது அந்தப் பெயரில் ஊர் இல்லை. பால்கனி (இஞ்ச்கோல்டர் என்றும் சொல்வார்கள்) எஸ்டேட்டின் உடைமையாளர் அலெக்சாண்டர் ஃப்ரேசர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடு போட்டு மனை பிரித்து அமைத்த ஊர் அது. எவன் (Evan) என்பது அவர் மகன் பெயர், ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்தது. அதற்கு முன்பு பக்கத்தில், ஸ்கீயக் ஆற்றங்கரையில், டிரம்மண்ட் என்ற குடியிருப்பு இருந்தது. ஆகவே மன்றோ காலத்து மக்களைத் தேடுகிறவர் டிரம்மண்ட், பால்கனி, ஃபவுலிஸ், ஸ்வோர்டேல், நோவார், ஃபைரிஷ் என்று பண்ணைப் பெயர்களாகத் தேட வேண்டும். இதில் ஃபவுலிஸ் மன்றோ குலத்தலைவரின் இருப்பிடம். ஹெக்டர் மன்றோ அந்தத் தலைமைக் கிளை இல்லை, நோவார் கிளை.

அங்கே சின்ன ஊருக்கென்று தனி ஆவணம் கிடையாது. எல்லாம் இரண்டே இரண்டு கதவு வழியாகத்தான் வரும். ஒன்று பாரிஷ், அதாவது கிறிஸ்தவக் கோயிலின் பங்கு எல்லை. மற்றது எஸ்டேட். எவன்டன் இருப்பது ராஸ் சீமையில் (சீமை என்றால் நம் மாவட்டம் மாதிரி), கில்டர்ன் பாரிஷில். மலைக்கு அந்தப் பக்கம் ஆல்னஸ் பாரிஷ். இந்த இரண்டு பெயரையும் குறித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஊர்ப் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் திறக்க வேண்டியது பழைய புள்ளிவிவரக் கணக்கு. சர் ஜான் சின்கிளேர் என்பவர் ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு பாரிஷ் போதகருக்கும் 160-க்கு மேற்பட்ட கேள்விகளை அனுப்பி, வந்த பதில்களை 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக அச்சிட்டார். மண் எப்படி, என்ன விதை, எத்தனை குடும்பம், கூலி என்ன, எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள், எந்த மொழி பேசுகிறார்கள் என்று எல்லாம் இருக்கும். கில்டர்னுக்கும் ஆல்னஸுக்கும் தனித்தனி அறிக்கை உண்டு. அதே மாதிரி இரண்டாவது சுற்று 1834 முதல் 1845 வரை வெளிவந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இடைப்பட்ட நாற்பது ஐம்பது ஆண்டில் என்ன மாறியது என்பது தெரியும். முதல் அறிக்கையில் இல்லாத எவன்டன் இரண்டாவதில் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை. போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலவுடைமையாளர் கையில் இருந்தது. போதகருக்குச் சம்பளமும் வீடும் கொடுக்க வேண்டியவர்களும் நிலவுடைமையாளர்களே. ஆகவே குத்தகைதாரர் குறைகள் அங்கே மென்மையாகத்தான் வரும். "மேம்பாடு" என்ற சொல் வந்தால் யாருக்கு மேம்பாடு என்று நின்று பாருங்கள்.

அடுத்து வரைபடம். ஸ்காட்லாந்தில் அரசுக்கு எதிராக 1745-இல் எழுந்த கலகத்துக்குப் பிறகு வில்லியம் ராய் தலைமையில் 1747 தொடங்கி 1755 வரை ராணுவம் வரைந்த வரைபடம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அளவு 1 அங்குலத்துக்கு 1,000 கஜம். சிவப்புப் புள்ளிகள் கட்டடங்கள். அவற்றைச் சுற்றிக் கோடு கோடாக இருப்பது உழுத நிலம். வீடுகளின் எண்ணிக்கையை அதில் எண்ணாதீர்கள். ஐந்து புள்ளி என்றால் "இங்கே ஒரு குடியிருப்பு உண்டு" என்று பொருள், ஐந்து வீடு என்று அல்ல. பிறகு 6 அங்குலத்துக்கு 1 மைல் என்ற அளவில் ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) வரைபடத்தின் முதல் பதிப்பு. அதில் கூரையுள்ள கட்டடம் நிரப்பிக் காட்டப்படும். கூரை போன கட்டடம் வெறும் கோட்டுச் சட்டமாக இருக்கும். ஒரு பள்ளத்தாக்கில் வெறும் சட்டங்கள் வரிசையாக வந்தால், சர்வேயர் வருவதற்கு முன்பே அந்தக் குடி காலி செய்து போய்விட்டது.

தேவனாம்பட்டினம்:

பாகூர் நண்பர் சொன்னதோடு நில உரிமை விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது புரியாமல் தேடுகிறவர்கள்தான் சோர்ந்து போகிறார்கள்.

நம் தென்னாற்காட்டில் ரயத்துவாரி. உழுகிறவர் பெயரில் பட்டா, சர்வே எண், தீர்வை என்று அரசாங்கப் பதிவேட்டிலேயே குடியானவர் நேராக வருவார். ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. 1617 முதல் அங்கே சசீன் என்ற நிலப்பதிவேடு உண்டு, அருமையான பதிவேடு, ஆனால் அதில் உடைமையாளர் மட்டும்தான் வருவார். பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக உழுதவர் பலருக்குக் குத்தகைச் சீட்டே கிடையாது; ஆண்டுக்காண்டு பண்ணையார் விருப்பப்படி இருந்தவர்கள். அவர்கள் பெயர் எஸ்டேட்டின் குத்தகைக் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்குகள் ஒன்று குடும்பத்தார் வசம் இருக்கும், அல்லது எடின்பரோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் "கொடையும் வைப்பும்" என்ற பிரிவில் இருக்கும். பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். குடும்பப் பெயரால் தேடாமல் எஸ்டேட் பெயரால் தேடுங்கள்.

எவன்டன் மாதிரி திட்டமிட்ட ஊர்களில் நிலைமை வேறு. அங்கே மனைகள் அந்தக் காலத்தில் பொதுவாக "ஃபியூ" என்ற நிரந்தர உரிமையில் போயின. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை பண்ணையாருக்குக் கட்டிவிட்டால் வீடு பரம்பரைக்கும் சொந்தம். அந்த மனைக்காரர் சசீன் பதிவேட்டில் வருவார். 1781-க்குப் பிந்தைய பதிவுகளுக்கு அச்சிட்ட சுருக்கமும் பெயர் அடைவும் உண்டு. ஆகவே எவன்டன் தச்சரையும் நெசவாளரையும் பெயர் சொல்லிப் பிடிக்க வாய்ப்பு அதிகம்; ஐந்து மைல் மேலே மலையில் இருந்த மாட்டுக்காரரைப் பிடிப்பது கடினம்.

இனி அந்த மலை மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது. ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரு குடியிருப்பு. பள்ளத்தில் நல்ல மண்ணுள்ள உள்வயல். மாட்டெரு முழுக்க அதற்குத்தான். ஓட்ஸும், பேர் என்ற பழைய பார்லி வகையும் மாறி மாறிப் போடுவார்கள். வெளிநிலத்தில் சில ஆண்டு தொடர்ந்து ஓட்ஸ், பிறகு தரிசு. நிலம் பட்டை பட்டையாகப் பிரிந்து, சீட்டுப் போட்டு அவ்வப்போது கைமாறும். நம் பக்கத்துப் பழைய கரையீடு (ஊர் நிலத்தைப் பங்காளிகள் அவ்வப்போது மாற்றிப் பிரித்துக்கொள்ளும் முறை) தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஓட்ஸ் விதைத்ததற்கு மூன்று நான்கு மடங்குதான் திரும்பும். அதில் ஒரு பங்கு விதைக்கு, ஒரு பங்கு பண்ணையாருக்கு, மிச்சம் வயிற்றுக்கு. ஒரு மழை ஆண்டு வந்தால் விதையையே தின்ன வேண்டிவரும். 1782 அறுவடை அப்படிப் பொய்த்தது. 1783-இல் அரசு பட்டாணியை அனுப்பித்தான் பலர் பிழைத்தார்கள். அதனால் அந்த மலைநாட்டில் அதைப் பட்டாணி ஆண்டு என்பார்கள். கடலூர் முற்றுகை நடந்த அதே 1783.

குத்தகைப் பணம் தானியத்தால் வரவில்லை, கறுப்பு மாட்டால் வந்தது. கோடை வந்ததும் பெண்களும் பிள்ளைகளும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் கிடை போட்டுத் தங்குவார்கள். அங்கேயே வெண்ணெய், பாலாடைக்கட்டி. மாடு மேலே இருந்தால்தான் கீழே வேலியில்லாத வயலில் பயிர் தப்பும். இலையுதிர் காலத்தில் தரகர் வந்து மாடு பிடிப்பார். அந்தக் காசு குத்தகைக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போனாலும் மொத்தமும் போகும். கோடை மேய்ச்சல் கையைவிட்டுப் போனால் மாடு கீழேயே நிற்கும், பயிரை மேயும், மாடும் தேறாது, குத்தகைக்குக் காசு இருக்காது.

ஆட்டுப் பண்ணை வந்தபோது நடந்தது இதுதான். தெற்கிலிருந்து வந்த ஆட்டுக்காரர் ஒரே ஆளாக, பத்துக் குடும்பம் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகக் குத்தகை தருவார். ஆட்டுக்குக் கோடையில் மலை போதும். பனிக்காலத்தில் பள்ளத்து நிலம் வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் மக்களின் உள்வயல் இருந்தது. ஆகவே மலையை ஆட்டுக்கும் பள்ளத்தை மக்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்ற சமாதானம் நிற்கவே இல்லை.

உங்கள் கட்டுரைக்கு உயிரான செய்தி இனிமேல்தான். ஹெக்டர் மன்றோ இந்தியாவில் சேர்த்த பணத்தை நோவாரில் கொட்டினார்: மரம் நட்டார், நிலம் திருத்தினார், மாளிகையை விரித்தார். அவருடைய கில்டெர்மோரி மேய்ச்சல் நிலத்தை லோகேபர் பகுதியிலிருந்து வந்த கேமரன் சகோதரர்கள் ஆட்டுக்குக் குத்தகை எடுத்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கு ஸ்ட்ராத்ரஸ்டேல். அங்கிருந்த மாடுகள் பழக்கப்படி அந்த மேய்ச்சலுக்குள் போயின. கேமரன்கள் பிடித்துப் பட்டியில் அடைத்துத் தண்டம் கேட்டார்கள். மக்கள் திரண்டு போய் மாடுகளை மீட்டுவந்தார்கள். அதோடு நிற்கவில்லை. 1792 ஜூலை கடைசியில், ராஸ் சீமையிலும் சதர்லேண்டிலும் உள்ள ஆடுகள் அத்தனையையும் தெற்கே ஓட்டிவிடுவது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை கோயில்களில் ஆள் சேர அறிவிப்புச் செய்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆடுகள் ஆல்னஸ் மேட்டுப்பகுதிக்கு, போத் வரை வந்துவிட்டன. ஓட்டியவர்கள் ஓர் ஆட்டையும் அடித்துத் தின்னவில்லை, ஒரு வீட்டையும் கொளுத்தவில்லை.

அடக்க வந்தது இன்வர்னஸ் பக்கத்து ஜார்ஜ் கோட்டையிலிருந்து (சென்னைக் கோட்டை அல்ல) 42-ஆம் படை. அந்தப் படைக்கு 1787 முதல் கர்னல் பட்டம் வகித்தவர் யார் என்று பாருங்கள்: இதே ஹெக்டர் மன்றோ. செப்டம்பரில் இன்வர்னஸில் விசாரணை நடந்தது. கடுமையான தண்டனை பெற்ற இருவர் சிறையிலிருந்து தப்பிவிட்டார்கள். மலைநாட்டு மொழியான கேலிக் பேசுகிறவர்கள் அந்த ஆண்டை ஆட்டு ஆண்டு என்றே சொல்வார்கள். பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் அதிகாரிகள் இதை மேய்ச்சல் தகராறாகப் பார்க்காமல் அரசுக்கு எதிரான கலகமாகப் பார்த்துப் பதறினார்கள். அதனால் கடிதங்கள் நிறைய எழுதினார்கள், அதனால்தான் நமக்கு இவ்வளவு விவரம் கிடைக்கிறது. வழக்கு ஆவணங்கள் எடின்பரோ காப்பகத்தில் உயர் நீதிமன்றப் பிரிவில் பார்க்க வேண்டியவை.

மஞ்சக்குப்பம் மைதானம்:

படை வீரர்கள் கேள்விக்கு. ஆம், வந்தார்கள். ஆனால் படை எண்களில் பலரும் சறுக்கும் இடம் இது, மெதுவாகப் படியுங்கள்.

1783 ஜூன் 13 கடலூர்த் தாக்குதலில் இரண்டு மலைநாட்டுப் படைகள் இருந்தன. ஒன்று 73-ஆம் படை. ராஸ் சீமையின் க்ரோமார்ட்டி குடும்பத்து வாரிசு ஜான் மெக்கன்சி, மக்லியோட் பிரபு, 1778-இல் திரட்டியது. 1780 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தது, பரங்கிப்பேட்டையிலும் சண்டையிட்டது. அங்கே குண்டு மழையில் பைப் (துருத்திக் குழல்) வாசித்தவருக்கு அயர் கூட் வெள்ளிப் பைப் வாங்க 50 பவுன் கொடுத்தார் என்பது அந்தப் படையின் மரபுக்கதை. மற்றது 78-ஆம் படை. ஸீஃபோர்த் பிரபு அதே 1778-இல் அதே ராஸ் சீமையில் திரட்டியது. 1781 ஜூனில் கப்பல் ஏறி 1782 ஏப்ரலில்தான் சென்னை வந்தது. வழியில் ஸ்கர்வி என்ற சத்துக்குறை நோயால் 200-க்கும் மேல் செத்தார்கள். பிரபுவே வழியில் இறந்தார். கரையேறியவர்களில் ஆயுதம் தூக்கும் நிலையில் இருந்தவர்கள் பாதிக்கும் குறைவு.

1786-இல் இந்த 73 எண் மாறி 71 ஆனது, 78 மாறி 72 ஆனது. காலியான 73 என்ற எண்ணை, 42-ஆம் படையின் இரண்டாவது பட்டாலியனுக்குக் கொடுத்தார்கள். 1793-இல் ஸீஃபோர்த் குடும்பமே புதிதாக ஒரு 78 திரட்டியது. அதுவும் இந்தியாவுக்கு வந்தது. ஆகவே 1793 புதுச்சேரி முற்றுகையில் வரும் 73-ஆம் படை வேறு, 1783 கடலூரில் நின்ற 73-ஆம் படை வேறு. பெயர்ப் பட்டியல் தேடும்போது ஆண்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் போட்டால் சம்பந்தமில்லாத ஆளைக் கடலூருக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவீர்கள்.

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 12 என்ற ஆவண வரிசை படைகளின் ஆள் கணக்கு. பெயர், பதவி, சம்பளம், இறந்த நாள் இருக்கும். சொந்த ஊர் இருக்காது. டபிள்யூ.ஓ. 97 ஓய்வூதியம் பெற்றவர்களின் விடுவிப்புத் தாள். அதில் அச்சிட்ட வரி ஒன்று உண்டு: பிறந்த பாரிஷ், "பக்கத்து நகரம்", சீமை, வயது, முன் செய்த தொழில். கில்டர்ன் ஆளைப் பிடிக்க ஏற்ற இடம் அதுதான். ஓய்வூதியம் வரை உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தாள். கடலூர் மணலில் விழுந்தவர் டபிள்யூ.ஓ. 12-இல் ஒரு வரியோடு முடிந்துவிடுவார். பாரிஷ் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே தொடக்க மூன்று நான்கு எழுத்து போட்டு, மிச்சத்தை நட்சத்திரக் குறியிட்டுத் தேடுங்கள்.

இன்னொன்று. தாமஸ் மன்றோவோடு ஹெக்டரைக் குழப்பாதீர்கள். சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். அவரும் 1780-இல் இளம் பயிற்சி அதிகாரியாக வந்து இதே போர்களில் இருந்தார். நம் ஊர்ப் பழைய கட்டுரைகளில் இருவரும் ஒருவராகிவிட்ட இடங்கள் உண்டு.

சுண்ணாம்பாறு:

பாரிஷ் பதிவேடுகளைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு கட்டாயப் பதிவு 1855 ஜனவரி 1-இல் தொடங்கியது. அதற்கு முன் பாரிஷ் கோயில் ஏடுதான். இரண்டும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில். தேடல் பட்டியல் இலவசம், மூலப் படத்துக்குக் காசு. படம் வாங்காமல் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். வசிப்பிடத்தின் பண்ணைப் பெயர் படத்தில்தான் இருக்கும், நமக்குத் தேவை அந்தப் பண்ணைப் பெயர்.

கில்டர்னில் எங்கு பார்த்தாலும் மன்றோ. ஒரே ஆண்டில் டொனால்ட் மன்றோவின் மகன் ஜான் என்று பலர் வருவார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது மூன்று: பண்ணைப் பெயர், தந்தையின் தொழில், தாயின் பெயர். ஸ்காட்லாந்தில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் ஆவணத்தில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் வருவார்கள், கல்லறையிலும் அப்படியே. இது பெரிய வசதி. தாய் பெயரை வைத்து ஒரே வீட்டுப் பிள்ளைகளைக் கோத்துவிடலாம்.

உங்கள் காலத்துக்கே உரிய ஓட்டை ஒன்று உண்டு. 1783 முதல் 1794 வரை ஏட்டில் ஒரு பதிவுக்கு 3 பென்ஸ் வரி போட்டார்கள். ஏழைகள் பதியாமல் விட்டார்கள். அந்தப் பதினோரு ஆண்டில் ஞானஸ்நானம் குறைந்தால் மக்கள் ஓடிவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். அதே மாதிரி 1843-க்குப் பிறகு ராஸ் சீமையில் பெருங்கூட்டம் அரசு சார்ந்த கிறிஸ்தவச் சபையைவிட்டு, அதிலிருந்து பிரிந்த சுதந்திரச் சபைக்குப் போய்விட்டது. அவர்கள் ஏடு வேறு. அடக்கப் பதிவு எப்போதுமே அரைகுறை.

மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் ஆள் பெயரோடு கிடைக்கும். 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டவர் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 என்று வருவார். உறவுமுறை இருக்காது, பிறந்த பாரிஷும் இருக்காது. 1851-ஐ எடுத்துத்தான் அதைச் சரிபார்க்க வேண்டும். கேலிக் பேசுகிறாரா என்ற கேள்வி 1881-இல் வந்தது. 1855-க்குப் பிந்தைய மதிப்பீட்டுப் பதிவேட்டில் உடைமையாளர், குத்தகைதாரர், குடியிருப்பவர் மூவரும் உண்டு, ஆனால் ஆண்டு வாடகை 4 பவுனுக்குக் குறைந்த வீடுகளில் குடியிருந்தவர் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஏழையின் பெயர் அங்கும் விடுபடும்.

பழைய குத்தகைக் கணக்கு கையில் கிடைத்தால் அளவுகள் உங்களைத் திணறடிக்கும். 4 லிப்பி ஒரு பெக், 4 பெக் ஒரு ஃபிர்லட், 4 ஃபிர்லட் ஒரு போல், 16 போல் ஒரு சால்டர். ஒரு போல் ஓட்ஸ் மாவு 140 பவுண்டு, அதாவது சுமார் 63 கிலோ. பணம் ஸ்காட்ஸ் பவுனில் இருந்தால் 12-ஆல் வகுத்தால் ஆங்கிலப் பவுன். மெர்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ் ஸ்காட்ஸ். ஸ்காட்ஸ் ஏக்கர் ஆங்கில ஏக்கரைவிடக் கால் பங்குக்குச் சற்று மேல் பெரியது. இந்தத் திருத்தம் செய்யாமல் குத்தகையைத் தென்னாற்காட்டுத் தீர்வையோடு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

சீமை எல்லை இன்னொரு பொறி. 1889-க்கு முன் க்ரோமார்ட்டி சீமை ராஸ் சீமைக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது, 1600-களின் கடைசியில் ஒரு பிரபு தன் நிலங்களையெல்லாம் தன் சீமையோடு சேர்த்துக்கொண்டதால். பாகூருக்குப் போகும் வழியில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வருமே, அதே கோலம். ஒரு பண்ணை ராஸ் பட்டியலில் இல்லையென்றால் க்ரோமார்ட்டி பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்ல வேண்டும்.

கெடிலக்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. 42-ஆம் படைக்கு மன்றோவே கர்னல் என்பது கட்டுரையின் போக்கையே மாற்றிவிட்டது. இன்னும் ஒரு சந்தேகம். ஃபைரிஷ் வளைவு ஏழைகளுக்கு வேலை கொடுக்கக் கட்டியது என்றும், வேலை நாளைக் கூட்ட மன்றோவே மேலே ஏற்றிய கல்லைக் கீழே உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லிக் கூலி கொடுத்தார் என்றும் எல்லாத் தளத்திலும் இருக்கிறது. போடலாமா?

தேவனாம்பட்டினம்:

போடுங்கள், ஊர் வழக்குக் கதை என்ற அடையாளத்தோடு. கட்டடம் உண்மை, நாகப்பட்டினத்தோடு உள்ள தொடர்பு உண்மை, பஞ்ச ஆண்டை ஒட்டிக் கூலி வேலையாகக் கொடுத்தார் என்பது 1782–83 நிலைமைக்குப் பொருந்துகிறது. கல் உருட்டிய பகுதி வேறு வகை. அதற்கு ஆதாரம் என்றால் எஸ்டேட் கூலிக் கணக்கில் வார வாரியாக ஆள் எண்ணிக்கையும் கல் சுமையும் இருக்க வேண்டும். அதைக் காட்டாமல் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளம் எடுத்து எழுதினால் பத்துத் தளமும் ஒரே சாட்சிதான். அதோடு, அந்தக் கதை பண்ணையாரைக் கருணைமிக்கவராகக் காட்டுகிறது. பத்தே ஆண்டில் அதே எஸ்டேட்டில் மாடுகள் பட்டியில் அடைபட்டதைச் சொல்லாமல் விடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் வைத்துவிடுங்கள், வாசகர் பார்த்துக்கொள்வார்.

"நாகப்பட்டினக் கோட்டை வாசலின் நகல்" என்று அளவெடுத்துச் செய்த மாதிரி எழுத வேண்டாம். "வாசலை நினைத்துக் கட்டியது" என்பது போதும்.

பாகூர் ஏரிக்கரை:

படம் போடுகிறவருக்கு ஒரு குறிப்பு. தேசிய நூலகத் தளத்தில் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரே சுட்டியால் நகர்த்தும் வசதி உண்டு. ஸ்ட்ராத்ரஸ்டேலையும் போத்தையும் அதில் திறந்து, ராய் வரைபடத்தில் குடியிருப்பு காட்டிய இடத்தைத் தோராயமாகப் பிடியுங்கள். ராயின் கோணங்கள் நூறிருநூறு மீட்டர் விலகும், ஆகவே ஆறு கூடும் இடங்களை அடையாளமாக வைத்து நகருங்கள். புல் திடீரென்று கரும்பச்சையாக மாறும் திட்டுகளைத் தேடுங்கள். மனிதரும் மாடும் நெடுங்காலம் இருந்த மண்ணில் பாஸ்பேட் தங்கிவிடும், இருநூறு ஆண்டு கழித்தும் புல் அங்கே செழிப்பாக இருக்கும். அவர்கள் வீட்டுச் சுவரில் பாதி புல்கட்டி என்பதால் கல் வரிசை பல இடத்தில் இருக்காது. பிற்காலத்தில் காடு வளர்க்க ஆழ உழுத இடங்களில் அதுவும் இருக்காது. படத்தின் தேதியையும் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் படம் என்றால் பிரேக்கன் என்ற பெரணி எல்லாவற்றையும் மூடியிருக்கும். மார்ச், ஏப்ரலில் எடுத்த படத்தில் நிழல் நீண்டு விழும், சுவர் அடிக்கோடு தெரியும். அந்த இடத்தின் பெயரை ட்ரோவ் தளத்திலும் (முன்பு கேன்மோர் என்று இருந்தது) போட்டுப் பாருங்கள். தொல்லியல் துறை பதிந்த குடியிருப்பாக இருந்தால் எண்ணும் அளவும் அங்கேயே இருக்கும். அந்த எண்ணைக் கட்டுரையில் கொடுத்துவிட்டால் படிப்பவர் நேரே போய்ச் சரிபார்க்கலாம்.